ஊதிப் பார்த்து வாங்க வேண்டிய சிற்பம்

கம்பிகளில் தகடுகளைச் சமநிலையில் கோத்துக் கூரையிலிருந்து தொங்கவிடும் தொங்கு சிற்பம் ஒன்றை வாங்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க நான் முதலில் அதை ஊதிப் பார்ப்பேன். இரண்டு முழம் தள்ளி நின்று, மெதுவாக, ஒரே ஒரு ஊது. உடனே துள்ளிக் கிறுகிறுவென்று சுற்றி, பட்டென்று நின்றுவிட்டால் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவேன். நல்ல சிற்பம் அவசரப்படாது. ஊதிய காற்று போய்ச் சேர்ந்து ஒரு கணம் கழித்துத்தான் ஏதோ ஒரு தகடு நகரும். அதனால் அதைத் தாங்கும் கம்பி கொஞ்சம் திரும்பும். அது திரும்பியதில் மேலே இருக்கும் கம்பி தயங்கித் தயங்கி எதிர்ப்பக்கம் கிளம்பும். நான் வேறு எதையோ பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாலும் அது இன்னும் ஓய்ந்திருக்காது. அப்படிப்பட்டதுதான் வீட்டுக்கு வர வேண்டும் என்பேன்.

பெரும்பாலோர் உருவத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். மீனா, பறவையா, வட்டத் தகடா, சுவரின் நிறத்துக்கு ஒத்துப்போகுமா, அவ்வளவுதான். இணையத்தில் வாங்கினால் அதுவும் ஒற்றைப் புகைப்படத்தை நம்பி. புகைப்படத்தில் சிற்பம் அசையாமல் நிற்கிறது. அதாவது, எதற்காக அதை வாங்குகிறோமோ அது படத்திலேயே இல்லை. உருவம் சில நாளில் கண்ணுக்குப் பழகிவிடும். அதன் வேகம்தான் வருஷக்கணக்கில் அந்த அறையில் உங்களோடு இருக்கப்போகிறது. முடிந்தால் ஒரு வீடியோவாவது கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இந்தக் கலையை இன்று நாம் அறியும் வடிவத்துக்குக் கொண்டுவந்த அலெக்சாண்டர் கால்டர் படிப்பால் இயந்திரப் பொறியாளர். அப்பாவும் தாத்தாவும் சிற்பிகள். ஃபிலடெல்ஃபியா நகர மண்டபத்தின் உச்சியில் நிற்கும் வில்லியம் பென் சிலை தாத்தா செய்தது. கல்லும் வெண்கலமுமாக அசையாத சிலைகள் நிறைந்த குடும்பத்தில் பிறந்தவர், 1919ல் பொறியியல் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். 1922ல் ஒரு கப்பலின் கொதிகலன் அறையில் வேலை பார்த்தபோது, குவாத்தமாலா கரைக்கு அப்பால் ஒரு அதிகாலையில், கடலின் ஒரு பக்கம் சூரியன் சிவந்து எழுவதையும் மறுபக்கம் நிலா இன்னும் நிற்பதையும் ஒரே நேரத்தில் பார்த்தார். தன் படைப்புகளுக்கு அடியில் இருப்பது பிரபஞ்சத்தின் அமைப்புதான் என்று அவர் பிற்காலத்தில் சொன்னதை நான் இந்தக் காட்சியோடு சேர்த்தே யோசிப்பேன். எடையுள்ள இரண்டு பொருள்கள், நடுவே பெரிய வெற்றிடம், இரண்டையும் கட்டிவைத்திருக்கும் ஏதோ ஒன்று. தொங்கு சிற்பத்தின் இலக்கணமே அதுதான்.

1930ல் பாரிஸில் பியெட் மோந்த்ரியான் என்ற ஓவியரின் பணியறைக்கு அவர் போனார். சுவரில் வண்ணச் செவ்வகங்கள் பொருத்தியிருந்தன. இவை எல்லாம் அசைந்தால் நன்றாக இருக்குமே என்று கால்டர் சொல்ல, தேவையில்லை, என் ஓவியம் ஏற்கெனவே மிக வேகமாகத்தான் இருக்கிறது என்று மோந்த்ரியான் மறுத்துவிட்டார். மோந்த்ரியான் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கால்டர் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. முதலில் கைப்பிடியும் மோட்டாரும் வைத்து அசையும் சிற்பங்களைச் செய்தார். 1931ல் அவற்றைப் பார்த்த மார்செல் டுஷாம்ப் என்ற கலைஞர்தான் மொபைல் என்று பெயரிட்டார். மோட்டார் செய்வதையே திரும்பத் திரும்பச் செய்யும். ஒரு சுற்று பார்த்துவிட்டால் அடுத்தது என்ன என்று தெரிந்துபோகும். கால்டர் மெல்ல மெல்ல மோட்டாரைக் கைவிட்டு, வேலையைக் காற்றிடம் ஒப்படைத்தார். அதன்பிறகு ஒரு அசைவு அப்படியே இன்னொரு முறை வருவதில்லை.

அவர் ஒருவர் மட்டும் இல்லை. மான் ரே என்ற கலைஞர் 1920லேயே சட்டை மாட்டும் ஹேங்கர்களால் ஒன்று செய்தார். மேலே ஒரு ஹேங்கர், அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, அந்த இரண்டின் நான்கு முனையிலும் ஒவ்வொன்று என்று இரட்டித்துக்கொண்டே போய், ஆறே அடுக்கில் 63 ஹேங்கர். யாரும் தம் அலமாரியைத் திறந்து இன்றைக்கே தொடங்கலாம். இத்தாலியில் புரூனோ முனாரி என்ற கலைஞர் 1933 முதல் அட்டை, மெல்லிய மரம், பட்டு நூல் இவற்றை வைத்துச் செய்த தொங்கும் பொருள்களுக்குப் பயனற்ற இயந்திரங்கள் என்று பெயர் வைத்தார். வீட்டுக்கு எது என்று கேட்டால் என் மனம் முனாரியின் பக்கமே சாயும். இரும்புத் தகடு அசைவதற்குப் பெரிய கூடமும் தாராளமான காற்றும் வேண்டும். அட்டையும் நூலும் கதவு திறப்பதற்கே பதில் சொல்லும்.

சரி, அது எப்படி நிற்கிறது என்பதற்கு வருவோம். என் ஆசை இங்கேதான்.

தொங்கு சிற்பம் என்பது ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கவிட்ட தராசுகள். கம்பியின் ஒரு முனையில் இருக்கும் எடையை, தொங்குபுள்ளியிலிருந்து அதன் தூரத்தால் பெருக்குங்கள். மறுமுனைக்கும் அப்படியே. இரண்டும் சமமானால் கம்பி கிடையாக நிற்கும். ஆர்க்கிமிடீஸ் காலத்து நெம்புகோல் விதிதான். இதில் ரகசியம் என்னவென்றால் கீழிருந்து மேலே கட்ட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அந்தக் கம்பியில் கடைசியில் எவ்வளவு எடை தொங்கப்போகிறது என்பதே தெரியாது. கால்டரும் மிகச் சிறிய ஜோடியில் தொடங்கி மேலே போவதாகத்தான் தன் முறையைச் சொல்லியிருக்கிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கம்பியின் சொந்த எடையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கடைசிக் கம்பி 24 செ.மீ., ஒரு முனையில் 10 கிராம் தகடு, மறுமுனையில் 20 கிராம். தொங்குபுள்ளி கனமான தகட்டிலிருந்து 8 செ.மீ. தள்ளி வரும். இந்தப் பக்கம் 20 பெருக்கல் 8, அந்தப் பக்கம் 10 பெருக்கல் 16, இரண்டும் 160. இப்போது இந்த முழு ஜோடியும் 30 கிராம். இதை 40 செ.மீ. நீளமுள்ள அடுத்த கம்பியின் ஒரு முனையில் மாட்டி, மறுமுனையில் 10 கிராம் தகடு ஒன்றை மாட்டினால், தொங்குபுள்ளி ஜோடியின் பக்கத்திலிருந்து 10 செ.மீ. இப்போது மொத்தம் 40 கிராம். அதற்கு மேலே 50 செ.மீ. கம்பி, எதிர்முனையில் மறுபடியும் 10 கிராம். தொங்குபுள்ளி மறுபடியும் 10 செ.மீ.க்கே வருகிறது.

இந்த எண்களைத் தாளில் வரைந்து பாருங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் பாரம் முழுவதும் புள்ளிக்குப் பக்கத்தில் ஒடுங்கி நிற்க, ஒற்றைத் தகடு வெகுதூரம் கை நீட்டி நிற்கிறது. கால்டரின் படைப்புகளில் நாம் ரசிக்கும் அந்த ஒயிலான சரிவு, நீண்ட கம்பியின் நுனியில் தனியாக நிற்கும் சின்னத் தகடு எல்லாம் இந்தப் பெருக்கலிலிருந்து வருபவைதான். அழகு வேறு, கணக்கு வேறு என்று இங்கே பிரிக்கவே முடியாது. எனக்கு இந்தக் கலையின்மேல் இவ்வளவு பிரியம் வந்ததே அதனால்தான்.

கைவேலையில் கம்பிக்கும் எடை உண்டு என்பதால் கணக்கு சரியான இடத்துக்கு அருகே கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். கடைசி மில்லிமீட்டரை விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் மாட்டிய பிறகு கம்பியைக் கத்தி முதுகின்மேல் வைத்து நகர்த்துங்கள். நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, அங்கே மூக்குக் குறடால் ஒரு சின்ன வளையம் வளையுங்கள். வளைத்தால் கம்பி சற்றுக் குறுகும், சமநிலை கொஞ்சம் நகரும். அதைத் தகட்டில் ஒரு ஓரத்தைக் கத்தரித்துச் சரி செய்யலாம். கால்டரும் வடிவங்களை வெட்டி, மேஜையில் பரப்பி ஒழுங்குபடுத்திவிட்டு, கடைசியில் சமநிலைக்காக மறுபடி கத்தரியை எடுப்பார்.

வளையத்தைப் பற்றி இன்னொன்று. கம்பி வில்லாக வளைந்து, நடுவளையம் உயரத்திலும் இரண்டு முனைகளும் தாழ்வாகவும் இருக்க வேண்டும். தொங்குபுள்ளி முனைகளைவிட மேலே இருந்தால்தான் சாய்ந்த கம்பி தானே திரும்பி வரும். மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால் ஒரு தூசு கூடினாலும் கம்பி ஒருபக்கம் சரிந்து அப்படியே கிடக்கும். முனைகள் புள்ளிக்கு மேலே போனால் தலைகீழாகக் கவிழும். அதிகமாக வளைத்தாலும் சிக்கல், சிற்பம் விறைப்பாகிவிடும், காற்றுக்கு மேலும் கீழும் தலையாட்டாது. லேசான வளைவு போதும்.

முதலில் சொன்ன அந்த நிதானம் எங்கிருந்து வருகிறது? கம்பியின் நீளத்திலிருந்து. முனையில் இருக்கும் எடையை இரண்டு மடங்கு தூரம் தள்ளிவைத்தால், சுழலும்போது அது காட்டும் நிலைமம், அதாவது கிளம்பவும் நிற்கவும் காட்டும் தயக்கம், நான்கு மடங்காகிறது. அதே காற்று அதே தகட்டில் பட்டாலும் திருப்பும் விசை இரண்டு மடங்குதான் கூடுகிறது. ஆகவே நீண்ட கம்பி தாமதமாகக் கிளம்புகிறது, தாமதமாக நிற்கிறது. கடைகளில் கிடைக்கும் சின்ன சிற்பங்கள் பல படபடப்பதற்குக் காரணம் குட்டையான கம்பிகள். ஒரே சிற்பத்தில் நீண்டதும் குட்டையானதுமாகக் கலந்திருந்தால் ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில் போகும். ஒன்று மற்றொன்றைத் தள்ளும், இழுக்கும். எப்போது எந்த வடிவத்தில் சேரும் என்று சொல்லவே முடியாது. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

நூலையும் கவனிக்க வேண்டும். முறுக்கிய பருத்தி நூலில் மாட்டினால் எடையால் முறுக்குப் பிரிந்து சிற்பம் தானே ஒரு பக்கம் சுற்றும், பிறகு திரும்பச் சுற்றும். அது காற்றின் அசைவு இல்லை, நூலின் அசைவு. மீன்பிடிக்கப் பயன்படுத்தும் நைலான் நரம்பு பரவாயில்லை, கண்ணுக்கும் தெரியாது. உச்சியில் மட்டும், தூண்டிலில் நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் இருக்கப் போடுவார்களே, அந்தச் சின்னச் சுழல் வளையத்தைப் போட்டுவிட்டால் முழுச் சிற்பமும் தடையில்லாமல் சுற்றும்.

எடை குறையக் குறைய உயிர் கூடுகிறது. வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தின் கிழக்குக் கட்டடத்தில் கால்டரின் பிரமாண்டமான தொங்கு சிற்பம் ஒன்று இருக்கிறது, அகலம் ஏறக்குறைய 23 மீட்டர். வழக்கமான எஃகுத் தகட்டில் செய்தால் அசையவே முடியாத பாரமாகியிருக்கும். பால் மத்தீஸ் என்ற கலைஞர் அதைத் தேன்கூடு அமைப்புள்ள அலுமினியத்தில் செய்து கொடுத்தார். முழு எடையும் சுமார் 420 கிலோவுக்குள் அடங்கியது. 1977ல் மாட்டினார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1976 நவம்பரில், கால்டர் இறந்துவிட்டார். இவ்வளவு பெரிய பொருளும் கட்டடத்துக்குள் இருக்கும் காற்றிலேயே நகர்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம் அடங்குவதில்லை.

எங்கே மாட்டுவது என்ற கேள்விக்குப் பலரும் சுவரைப் பார்த்து யோசிக்கிறார்கள். யோசிக்க வேண்டியது காற்றை. ஓடும் மின்விசிறிக்குக் கீழே வேண்டவே வேண்டாம், பத்து நிமிடத்தில் சிக்குப் பிடித்துவிடும். ஏசியின் வாய்க்கு நேரே மாட்டினால் ஒரே பக்கம் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருக்கும், அதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். ஜன்னலுக்கு நேரேயும் அப்படித்தான். அறையின் அமைதியான மூலை, ஆள் நடமாடும் வழிக்குப் பக்கம், இதுதான் என் தேர்வு. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பே ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்தச் சூடு காற்றை மேலே தூக்குகிறது. காகிதத்தாலோ மெல்லிய பால்சா மரத்தாலோ செய்த சிற்பத்துக்கு அது போதும். நான் எழுதும் மேஜைக்குச் சற்றுத் தள்ளி ஒன்று தொங்குகிறது. ஜன்னல்கள் சாத்தியிருக்கும்போதும், நான் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அதன் கீழ்க்கம்பி நகரத் தொடங்கும். யாராவது பின்னால் வந்து நின்றால் எனக்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடும்.

வீட்டில் மாடிப்படி இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 1939ல் தன் புதிய கட்டடத்தின் படிக்கட்டுக்கென்றே கால்டரிடம் ஒன்று செய்யச் சொன்னது. படியேறும்போது அதைக் கீழேயிருந்தும், நேராகவும், மேலேயிருந்தும் பார்க்கலாம். மூன்றும் மூன்று சிற்பங்கள். அங்கே காற்றும் தானாகவே மேலே ஏறிக்கொண்டிருக்கும். படுக்கைக்கு மேலே மாட்டுவதும் எனக்குப் பிடிக்கும், தகடுகள் கிடையாகப் படுத்திருக்கும் வகையாக இருந்தால். செங்குத்தான தகடுகள் கீழேயிருந்து பார்த்தால் வெறும் கோடுகள்.

நீளமான கம்பி சுற்றி வரும் வட்டத்தை அளந்து, அதைவிட ஒரு கை அகலம் கூடுதலாக இடம் விடுங்கள். சுவரில் உரசிய சிற்பம் நின்றுபோன சிற்பம். கொக்கியைக் கான்கிரீட்டிலோ மர விட்டத்திலோ திருகுங்கள். ஜிப்சம் பலகையாக இருந்தால் அதற்கென்றே விற்கும் பிளக்கைப் போடுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கோ அது பாதிச் சிற்பம். அறை முழுவதும் பரவிய வெளிச்சத்தில் நிழல் மங்கிப்போகும். ஒரே ஒரு சின்ன விளக்கை, பக்கவாட்டில், தாழ்வாக வைத்துப் பாருங்கள். சுவரில் விழும் நிழல் அசலைவிடப் பெரிதாக, அசலைவிட வேகமாக நகரும். தகடுகள் ஒன்றையொன்று தொடாது, நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும். இதற்காகவே பின்னால் இருக்கும் சுவரை வெறுமையாக விட வேண்டும். படங்களும் அலமாரியும் நிறைந்த சுவருக்கு முன்னால் எவ்வளவு நல்ல சிற்பத்தை மாட்டினாலும் வீண்.

நிறத்தில் நான் கஞ்சம். கறுப்பு, வெள்ளை, ஒரு சிவப்பு. கறுப்பும் வெள்ளையும் ஒன்றுக்கொன்று மிக விலகியவை, இரண்டுக்கும் எதிராக நிற்பது சிவப்பு என்று 1951ல் கால்டர் காரணம் சொன்னார். நகரும் பொருளில் கண்ணுக்குப் பிடி வேண்டும். எல்லாத் தகடும் ஒவ்வொரு நிறமாக இருந்தால் எதைத் தொடர்வது என்று கண் தடுமாறும்.

மணியும் கண்ணாடிச் சில்லுமாகத் தொங்குபவை சத்தத்துக்கானவை. அது வேறு சங்கதி.

குழந்தைக்காக மாட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். தொட்டிலுக்கு மேலே மாட்டும் பொம்மைகள் பலவும் பக்கத்தில் நிற்கும் பெரியவர்களைப் பார்த்தபடி செய்யப்படுகின்றன. படுத்திருக்கும் குழந்தைக்குத் தெரிவது யானையின் அடிவயிறு. வாங்கும் முன் அதன் கீழே தலையை நீட்டி மேலே பாருங்கள். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும், வெளிர் நிறங்களைவிடக் கறுப்பு வெள்ளை வடிவங்கள்தான் அதன் கண்ணை இழுக்கும். மாண்டிசோரி என்ற குழந்தைக் கல்வி முறையில் முதல் வாரங்களுக்குப் பயன்படுத்தும் கறுப்பு வெள்ளைச் சிற்பத்துக்கு முனாரியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கேரலின் ரோவீ-காலியர் என்ற உளவியலாளர் 1960களின் இறுதியில் தொடங்கிய ஆய்வுகளில், குழந்தையின் கணுக்காலிலிருந்து தொங்கு சிற்பத்துக்கு ஒரு நாடாவைக் கட்டினார்கள். தான் உதைத்தால் அது ஆடுகிறது என்று கண்டுகொண்ட குழந்தைகள் உதைப்பதை அதிகமாக்கின. மூன்று மாதக் குழந்தை அதை ஏறக்குறைய ஒரு வாரம் நினைவில் வைத்திருந்தது. அது ஆய்வறையில், ஆட்கள் கூடவே இருந்து செய்தது. வீட்டில் எந்த நாடாவையும் குழந்தையின் உடம்பில் கட்டக் கூடாது. கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். குழந்தை கையை ஊன்றி எழும்பத் தொடங்கியதும், அல்லது ஐந்து மாதம் ஆனதும், எது முதலோ அப்போதே தொட்டிலுக்கு மேலிருந்து கழற்றிவிடுங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தூசும் எடைதான், ஒரு பக்கம் அதிகம் படிந்தால் கம்பி சாயும். மெல்லிய தூரிகையால், ஒரு கையால் தகட்டைத் தாங்கிக்கொண்டு, தட்டிவிட்டால் போதும்.

வீடு மாறும்போதுதான் பலர் பயப்படுகிறார்கள். 1946ல் பாரிஸில் லூயி காரே கலைக்கூடத்தில் கண்காட்சி வைத்தபோது, கால்டர் தன் சிற்பங்களைக் கழற்றிக் கோக்கும்படி செய்து, அஞ்சல் அனுமதிக்கும் அளவுக்குள் மடக்கி அமெரிக்காவிலிருந்து தபாலில் அனுப்பினார். நம்முடையது ஒரு தெரு தள்ளிப் போவதில் என்ன கஷ்டம்? உச்சிக் கொக்கியைப் பிடித்து, பெரிய அட்டை ஒன்றின்மேல் மெதுவாக இறக்குங்கள். கீழ்த் தகடு முதலில் படுக்கும், அதன் பிறகு ஒவ்வொரு கம்பியாக ஒரே திசையில் சாய்த்துப் படுக்கவையுங்கள். கம்பிகளுக்கு இடையில் காகிதத்தைச் செருகி, வளையங்கள் இருக்கும் இடத்தில் மட்டும் அட்டையோடு சேர்த்து ஒட்டுநாடா போடுங்கள். புது வீட்டில் நாடாவைப் பிரித்து, உச்சிக் கொக்கியை மட்டும் பிடித்துத் தூக்கினால் மேலிருந்து ஒவ்வொரு அடுக்காக எழுந்து வரும். எங்காவது சிக்கினால் இழுக்காமல் மறுபடி படுக்கவைத்து, சிக்கிய கம்பியைக் கையால் விலக்கிவிட்டுத் தூக்குங்கள்.